பூதத்தின் மேல் நடவடிக்கை

இந்த வீட்டில் நான் யார் என்பதை என் மனைவிக்குக் காட்டிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் நான் கெட்டிக்காரன். அன்றைக்கு அந்த முடிவையும் பற்பசையோடு சேர்த்துத் துப்பியிருக்கலாம். துப்பவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

சுவர்தான் தொடக்கம். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது நான் சந்தன நிறம் என்றேன். சித்ரலேகா சரி என்றாள். பெயிண்டரும் சரி சார் என்றான். நான் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் சுவர் இளம்பச்சை. ஏன் என்று கேட்டேன். நான் சொன்னதைப் பற்றி நன்றாக யோசித்தார்களாம். யோசித்துப் பார்த்துத்தான் பச்சை அடித்தார்களாம். அதாவது, என் கருத்து பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டிருக்கிறது. அரசு அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருக்கிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் என் சொல் செல்கிற இடம் ஒன்று உலகத்தில் இருந்தது. அதுவும் இதே வீட்டில், ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல். எங்கள் மகள் விஜயஸ்ரீ பெங்களூரிலிருந்து ஒரு முறை வந்தபோது ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். உள்ளே கட்டம் போட்ட பெரிய அட்டை, கட்டைவிரல் உயரத்தில் வீரர்கள், ஒரு மந்திரவாதி, ஒரு பூதம், பல முகங்கள் உள்ள பகடைகள், ஆங்கிலத்தில் ஒரு தடித்த விதிப்புத்தகம். வீரர்கள் எல்லாரும் சேர்ந்து பூதத்தைக் கொல்ல வேண்டும். பூதம் அவர்களைக் கொல்லும். நடுவர் ஒருவர் விதியைப் பார்த்துச் சொல்வார். விதி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது.

ஆள் சேர்ந்தது. வண்ணார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாத்துரை அண்ணாச்சி வில்லாளியை எடுத்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஞானசிகாமணி, வங்கிக்காரர், மந்திரவாதி ஆனார். செல்போன் கடை ஆரிப் ஈட்டிக்காரன். நான் நடுவர். பூதத்தை ஆட்ட ஆள் இல்லாததால் பூதமும் நானே.

அண்ணாச்சிக்கு ஆங்கிலம் ஓடாது. அதனால் விதிகளை நானே தமிழாக்கினேன். இருபத்தைந்து வருஷம் அரசுக் கடிதம் எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு வீரன் தன் முறை வரும்போது கொஞ்ச தூரம் நகரலாம், ஏதாவது ஒன்று செய்யலாம் என்று புத்தகத்தில் சாதாரணமாகப் போட்டிருந்தது. நான் இப்படி எழுதினேன்: "ஒவ்வொரு வீரரும் தமது முறையில் ஒரு போக்குவரத்தும் ஒரு நடவடிக்கையும் மேற்கொள்ளலாம்."

நகர்வு என்று எழுதினால் போதாதா என்று ஞானசிகாமணி அப்போதே கேட்டார். அந்தச் சொல்லுக்கு எடை பத்தாது என்று சொல்லிவிட்டேன். இனி இந்த மேஜையில் தமிழ் விதியே இறுதி என்றும் அறிவித்தேன். அறிவிக்கும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மூன்று பேர் எதிர்ப்பேச்சு இல்லாமல் தலையை ஆட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் அதற்கு முன் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

மூன்று வருஷம் அந்த மேஜையில் நான் வைத்ததே சட்டம். ஒரே ஒரு தீர்ப்புதான் கொஞ்சம் கசப்பானது. அண்ணாச்சியின் வில்லாளி ஒரு நாள் பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அம்பை விட்டுவிட்டு, மறுபடி பாறைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். கூடாது என்றேன். நகர்ந்தாயிற்று, அடித்தாயிற்று, அதோடு முறை முடிந்தது, நின்ற இடத்திலேயே நில் என்றேன். ஆங்கிலப் புத்தகம் இந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. நடுவர் முடிவே இறுதி என்று கைகழுவிவிட்டது. அந்தக் கைகழுவலில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. வெட்டவெளியில் நின்ற வில்லாளியை அடுத்த முறையில் என் பூதம் அடித்துக் கொன்றது. அந்தப் பொம்மைக்கு அண்ணாச்சி தன் கையாலேயே வர்ணம் பூசி மீசையெல்லாம் வைத்திருந்தார். அன்றைக்குக் காபி குடிக்காமல் எழுந்து போனார். செத்த பொம்மையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் புதுசாக ஒரு வாள்காரனோடு வந்தார். தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதிகாரம் என்றால் அதுதான்.

இனி என் திட்டத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிறு ஆரிப் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டான். ஈட்டிக்காரன் சும்மா கிடந்தான். சித்ரலேகாவை அந்த இடத்தில் உட்காரவைத்தால் என்ன? அவளுக்கு விதி தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பூதத்தின் வாயிலேயே போய் நிற்பாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, இப்போது என்ன செய்வது என்று கேட்பாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு விதியைச் சொல்வேன். மற்ற இரண்டு பேரும் தலையை ஆட்டுவதை அவள் பார்ப்பாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. சுவரைத் திருப்பிச் சந்தன நிறமாக்க வேண்டும் என்றுகூட எனக்கு ஆசை இல்லை.

கூப்பிட்டேன். முறுக்குத் தட்டை வைக்க வந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு உடனே உட்கார்ந்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சித்ரலேகா பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்புப் பிரிவில் வேலை செய்கிறாள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது, நடுவில் எங்கே நின்றது என்று டிரைவர் கண்டக்டர்களோடு வாதாடுவதுதான் அவள் உத்தியோகம். இது எனக்குத் தெரியாமல் இல்லை. விளையாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

முதலில் அவள் தூணுக்குப் பின்னால் ஈட்டிக்காரனை நிறுத்திவிட்டு, விதியைப் படிக்கச் சொன்னாள். கணீரென்று படித்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் இப்ப பூதத்து மேல நடவடிக்கை எடுக்கணும், அப்படித்தான?"

"ஆமா."

"எடுக்கதுக்கு முன்னால விளக்கம் கேக்கண்டாமா? நேரா பதினேழு பி-யா?"

பதினேழு பி என்பது எங்களைப் போன்ற அரசாங்க ஆட்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வியர்க்கிற தண்டனை விதி. ஞானசிகாமணிக்குக் குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கில் ஏறிவிட்டது. பூதம் சஸ்பென்ஷனில் இருக்கும்போது பாதிச் சம்பளம் உண்டா என்று அவர் கேட்டார். அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று வருஷத்தில் அந்த மேஜையில் இப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. இது விளையாட்டு, விளையாடக்கூடாது என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே புரிந்தது.

சரி சரி என்று அவள் ஈட்டிக்காரனை எடுத்தாள். அவனுக்கு ஒரு முறைக்கு எட்டுக் கட்டம் போகலாம். நாலு கட்டம் போய், பூதத்துக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கட்டம் இடைவெளி விட்டு நிறுத்தினாள். ஈட்டி நீளமானது, அந்த இடைவெளியைத் தாண்டிக் குத்தும். இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிப்பதற்குள் பகடையை உருட்டினாள். குத்து விழுந்தது. பரவாயில்லை, அடுத்தது என் முறை, பூதம் ஒரு கட்டம் நகர்ந்தால் போதும், ஈட்டிக்காரன் சட்னி. நான் பூதத்தைக் கையில் எடுத்தேன்.

அவள் அதற்குள் ஈட்டிக்காரனைத் தூக்கித் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

"என்ன செய்யுத?"

"வந்துட்டேன்."

"வர முடியாது. நகர்ந்தாச்சு, அடிச்சாச்சு, முறை முடிஞ்சுது."

"எட்டுல நாலுதான போயிருக்கேன். மிச்சம் நாலு எங்க?"

மிச்சம் எல்லாம் கிடையாது, அடித்த பிறகு நகர விதியில் இடமில்லை என்றேன். அப்படியானால் விதியை இன்னொரு தரம் படியுங்கள் என்றாள். படித்தேன். இந்தத் தரம் அவ்வளவு கணீரென்று வரவில்லை.

"என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"ஒரு போக்குவரத்தும்..."

"அதத்தான் செஞ்சேன். போக்கு முடிஞ்சிட்டு. வரத்து பாக்கி இருந்துது. வந்துட்டேன்."

ஞானசிகாமணி மெதுவாகத் தலையை ஆட்டினார். எனக்கு ஆட்ட வேண்டிய தலை அது. நான் விடவில்லை. போக்குவரத்து என்றால் பொதுவாக நகர்வதைத்தான் சொல்கிறது, அதைப் பிரித்துப் பொருள் எடுக்கக்கூடாது, அப்படியே பிரித்தாலும் நடுவில் ஒரு நடவடிக்கை புகுந்துவிட்டால் போக்கு அறுந்துபோகும், அப்புறம் வரத்துக்கு வழியில்லை என்று வாதாடினேன். நல்ல வாதம். வேறு யாரிடமும் எடுபட்டிருக்கும்.

"ஏங்க, இங்கன இருந்து ஆழ்வார்திருநகரிக்கு வண்டி போகுது. அங்கன டிரைவர் எறங்கி டீ குடிக்காரு. குடிச்சிட்டுத் திரும்பி வாராரு. அது ஒரு நடைதான். நடுவுல டீ குடிச்சிட்டாருன்னு வண்டிய அங்கனயே போட்டுட்டு வந்துருவாரா? போக்குவரத்துன்னா என்னன்னு எனக்கா சொல்லித் தருதீங்க?"

இதற்குப் பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆபீசில் கோப்புப் பார்க்கும்போதுகூட யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் அண்ணாச்சி கையிலிருந்த முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தார். அவர் முறுக்கைத் திரும்ப வைத்து நான் பார்த்ததில்லை.

"அப்பொ என் வில்லாளி செத்தது?"

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சித்ரலேகா சொல்வது சரி என்றால், அண்ணாச்சியின் வில்லாளி அன்றைக்குப் பாறைக்குப் பின்னால் திரும்பி வந்திருக்கலாம், நான் அவனை அநியாயமாகக் கொன்றிருக்கிறேன். அவள் சொல்வது தப்பு என்றால், போக்குவரத்து என்று நான் எழுதியதே தப்பு, அந்தத் தமிழை வைத்து மூன்று வருஷமாக நான் கொடுத்த தீர்ப்பு எல்லாம் செல்லாது. கொலைகாரனாவதா, தமிழ் தெரியாதவனாவதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடினேன். அரசு ஊழியனுக்கு அப்படி ஒரு வழி எப்போதும் உண்டு. போக்குவரத்து என்பதை நகர்வு என்று திருத்தி வாசிக்கவும் என இப்போதே ஒரு திருத்தம் போட்டுவிடலாம் என்றேன்.

"எந்தத் தேதியில இருந்து?" என்றாள் சித்ரலேகா.

திருத்தம் போட்ட நாளிலிருந்துதான் செல்லும், முடிந்துபோன விஷயத்துக்குப் பின்னோக்கிச் செல்லாது. இது எனக்குத் தெரியாத விதியா? தினமும் நான் பிறர் தலையில் கட்டுகிற விதி. எத்தனை பேர் இதனால் என் மேஜைக்கு முன்னால் முகம் வாடி நின்றிருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவருடைய வயிற்றெரிச்சல்தான் அன்றைக்கு ஹாலுக்குள் வந்திருக்க வேண்டும். ஈட்டிக்காரன் வந்தது வந்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஆட்டம் இல்லை, பஸ் சர்வீஸ். ஈட்டிக்காரன் தூணிலிருந்து கிளம்புவான், குத்துவான், திரும்புவான். என் பூதம் கனத்த உடம்புக்காரன், நாலு எட்டு வைக்கவே திணறுகிறவன். தூணைச் சுற்றிச் சுற்றி வந்து ஓய்ந்துபோனான். யாரிடமும் தோற்காத என் பூதம் ஒரு பெண்பிள்ளை கையால், அதுவும் முறுக்குச் சுட்ட கையால், நடுமேஜையில் சாய்ந்தான். அண்ணாச்சி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த வில்லாளியைக் கொண்டுவந்து, பழைய பாறைக்குப் பின்னால் வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். தூசி விழுந்துவிட்டது என்றார்.

அதோடு விட்டிருந்தாலும் என் பதவி மிஞ்சியிருக்கும். சித்ரலேகா பகடைகளைச் சேர்த்து வைத்தபடி ஒரு சந்தேகம் கேட்டாள்.

"பூதமும் நீங்க, நடுவரும் நீங்களா? அது எப்படி?"

மூன்று வருஷமாக இது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய மாதிரி இப்போது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நியாயமாக நான், பூதத்தை வேறு யாராவது ஆட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. என் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் நான் இருக்க மாட்டேன், நடுவர் பதவியை ராஜினாமா செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐயோ, வேண்டாம் என்று கையைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஞானசிகாமணி சர்ச் கமிட்டியில் பல ராஜினாமாக்களைப் பார்த்தவர். அவர் நொடி தாமதிக்கவில்லை.

"ரொம்ப வருத்தத்தோட ஏத்துக்கிடுதோம் வே" என்றார்.

அவர் முகத்தில் வருத்தம் இருந்த இடம் எனக்குத் தெரியவில்லை. இனி யார் நடுவர் என்ற கேள்வி எழவே இல்லை. தங்கச்சி இங்கன வந்து உக்காரும்மா என்று அண்ணாச்சி என் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு சித்ரலேகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன். இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தப் புருஷனும் வேறு பதில் சொன்னதில்லை. உனக்கு இந்த விதியெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மூணு வருசமா அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க போடுத சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். ஒரு நாளாவது நீயும் வந்து உக்காருன்னு சொல்லியிருக்கீங்களா?"

உண்மையாகவே வருத்தமாக இருந்தது. பதவி போனதை விட இது அதிகமாக உறுத்தியது. முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டதும் தோற்கடிக்கத்தானே கூப்பிட்டேன். அதை அவளிடம் சொல்லி, இனி நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் விளையாடுவோம் என்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். அவளும் அதற்காகத்தான் வந்து உட்கார்ந்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தோசைக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனாள். நானோ, மறுபடியும் ஒரு முடிவெடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் இல்லாமல் ஓர் ஆட்டம் நடக்கட்டும், பார்க்கலாம். இதுதான் முடிவு. இத்தனை விதிகளையும் தமிழில் எழுதியவன் நான். எந்தப் பகடையை எப்போது உருட்டுவது என்று எத்தனை சந்தேகம் வரும். ஒரு சந்தேகம் வந்தாலும் என்னிடம் ஓடி வந்தாக வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு எழுந்து போவது, முதல் தடவையே போகக்கூடாது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு சாப்பிட்டதும் தலைவலி என்று படுக்கையறைக்குள் போய்ப் படுத்தேன். சித்ரலேகா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தைலம் தடவி, போர்வை எடுத்துக் கொடுத்து, கதவைப் பைய சாத்திவிட்டுப் போனாள். கதவு சாத்தியது சரியில்லை, ஹாலில் பேசுவது சரியாகக் கேட்காது. எழுந்து ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன்.

ஆட்கள் வந்தார்கள். ஆரிப் குரல் கேட்டது. மகேஸ்வரன் அண்ணாச்சி எங்கே என்று என்னை விசாரித்தான், நல்ல பையன். தலைவலி என்று பதில் போனது. அச்சச்சோ என்றான். அதோடு என்னைப் பற்றிய பேச்சு முடிந்தது. பகடை உருண்டது. சந்தேகம் வந்தது. சித்ரலேகா தீர்த்துவைத்தாள். இன்னொரு சந்தேகம் வந்தது. வந்ததே தெரியாமல் போனது. சிரித்தார்கள். நான் நடுவராக இருந்தபோது இவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கவில்லை என்று எண்ணி மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம், பூதமாகவாவது சேர்த்துக்கொள்வார்கள் என்று மனசு கெஞ்சியது. தலைவலி என்று சொன்னவன் எந்த முகத்தோடு போவது?

வாசலில் செருப்புச் சத்தம். யாரோ புதிதாக வந்திருந்தார்கள். ஹாலில் பேச்சு ஒரு நிமிஷம் நின்றது. பிறகு படுக்கையறையை நோக்கிக் கால்சத்தம் வந்தது. வந்துவிட்டாள். சிக்கலான கேள்வி ஏதோ முளைத்துவிட்டது. இரண்டாவது தடவைதான் எழுவது என்ற முடிவை அந்த இடத்திலேயே ரத்து செய்தேன். கால்சத்தம் வந்தாலே போதும் என்று இருந்தது. கதவு திறந்தது.

"முழிச்சுத்தான் இருக்கீங்களா?" என்றாள் சித்ரலேகா.

"ஆமா, ஆமா. இப்ப வலி பரவாயில்ல" என்று போர்வையை விலக்கிக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன்.

அவள் கட்டில் பக்கத்து நாற்காலியில் தொங்கிய என் சட்டையை எடுத்து மடித்து என் மடியில் வைத்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள்.

"ஞானசிகாமணி சார் சம்சாரம் ஜெபராணியும் ஆட வந்திருக்காங்க, உக்கார ஒண்ணு குறையுது. நீங்க படுத்துத்தான இருக்கப் போறீங்க?"